யாதகிரி மீது ஒரு புகார்

உறுதிமொழி எடுக்கும்போதே எல்வினுக்கு வியர்த்துக் கொட்டியது. ஏ.சி. என்னவோ நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

"லஞ்சம் கொடுக்க மாட்டோம்! கொடுப்பவரைக் காட்டிக் கொடுப்போம்!" என்று ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவின் தமிழ்த் தொழிலதிபர்கள் அத்தனை பேரும் வலது கையை நீட்டிக்கொண்டு முழங்கினார்கள். அவர்களுடைய நேர்மைக் கூட்டமைப்புக்கு அன்றைக்குத்தான் தொடக்க விழா. சட்டையில் ஆளுக்கொரு பேட்ஜ் வேறு.

சிறப்பு விருந்தினர் அனந்த ராவ், மாசுத் தடுப்பு இலாகாவில் பெரிய அதிகாரி. மெட்ராஸில் படித்தவர் என்பதால் தமிழ் சரளமாகப் பேசுவார். அவருக்குச் சால்வை போர்த்தி, முழங்கை உயரத்துக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும் கொடுத்தார்கள். அதைப் போய் லஞ்சம் என்று யாராவது சொல்வார்களா? அடியில்தான் நேர்மைக் கூட்டமைப்பு என்று பொறித்திருந்ததே!

பிரியாணி முடிந்து கூட்டம் கலைந்ததும், தலைவர் ஜெயராம் எல்வினின் தோளில் கைபோட்டு ஓரம் கட்டினார். ஜெயராம் கோயம்புத்தூர்க்காரர். பெயின்ட் கம்பெனி வைக்க ஹைதராபாத் வந்து ரெண்டு வருஷம் ஆகியும், தெலுங்கில் 'ஏமண்டி'யைத் தாண்டி அவருக்கு ஒன்றும் ஏறவில்லை.

"ஏனுங்க எல்வின், இதாங்க சமயம். யாதகிரி விசயத்தைப் பெரியவர் காதுல போட்டுருவோம். புகார் உங்க பேர்லயே இருக்கட்டுங்க."

"என் பேர்லயா? நக்கோ சார், வேணவே வேணாம்!"

"ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுல பாடறவருங்க நீங்க. நீங்க சொன்னா யாருங்க பொய்யின்னுவாங்க?"

எல்வினுக்கு இஷ்டமே இல்லை. ஆனால் வேறு வழி?

இந்த யாதகிரி அதே மாசுத் தடுப்பு இலாகாவின் புது இன்ஸ்பெக்டர். பாவி, வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்தில் ஒரு முதலாளியும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. முன்பு இருந்தவர் தங்கமான மனுஷர். வருவார், டீ குடிப்பார், பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இவனோ டீயைக்கூடத் தொடமாட்டான். அத்தனை திமிர்! சொன்னதைச் செய்யாவிட்டால் வாசலுக்குப் பூட்டு என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறான். ஏற்கெனவே ரெண்டு கம்பெனியை மூடியாயிற்று. அடுத்த திங்கட்கிழமை எல்வினின் முறை. குகட்பள்ளி வீட்டை அடகு வைத்து ஆரம்பித்த மருந்து ரசாயனக் கம்பெனி அது. பூட்டு விழுந்தால் எல்வின் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான்.

ஜெயராம் விருந்தினரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஐயா, யாதகிரியோட தொல்லை தாங்க முடியலீங்க. ஆதாரமே இருக்குதுங்க. எல்வின், அவன் போன்ல பேசுன அந்த ரெக்கார்டிங்கைப் போடுங்க."

எல்வின் போனை எடுத்து அழுத்தினார்.

'மாமூலுகா சோமவாரம் வஸ்தானு' என்றது யாதகிரியின் குரல்.

"கேட்டீங்களாங்கய்யா?" என்று துள்ளினார் ஜெயராம். "மாமூலுக்கா வர்றானாமுங்க! திங்கக்கிழமை! அவன் வாயாலயே சொல்றான் பாருங்க!"

அனந்த ராவ் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஜெயராம் சார், தெலுங்குல மாமூலுகான்னா வழக்கம்போலன்னு அர்த்தம். வழக்கம்போல திங்கக்கிழமை வர்றேங்கறார். இதுல லஞ்சம் எங்கேயிருந்து வந்தது?"

ஜெயராமின் முகம் தொங்கிப்போயிற்று. "ஏனுங்க எல்வின், நீங்க சிக்கந்தராபாத்துலயே பொறந்து வளர்ந்தவருங்க. உங்களுக்குத் தெலுங்கு தண்ணி பட்ட பாடாச்சே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க?"

எல்வின் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தார். 'மாமூலு' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார்.

"சரி, அதை விடுங்க. வேற என்ன கேட்டார்? பணமா, நகையா? பயப்படாமச் சொல்லுங்க" என்றார் அனந்த ராவ்.

எல்வின் கையெடுத்துக் கும்பிட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஒரு மண்ணும் கேக்க மாட்டேங்கறார் சார்! அதான் பிரச்சினையே! நானா கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்க மாட்டேங்கறார். கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷினை ஓட்டிக் காட்டுன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். எங்கே ஓட்டறது? அதுக்குள்ள மோட்டாரே கிடையாது சார்! இங்கே முக்கால்வாசிப் பேருக்கு இதே கதிதான். அந்த மனுஷனைக் கிளப்பத்தான் இந்தக் கூட்டமைப்பையே ஆரம்பிச்சோம். எப்படியாவது அவரை வேற ஊருக்கு மாத்திடுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

அனந்த ராவின் சிரிப்பு நின்றது. எழுந்துபோய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். பெருமூச்சு விட்டார்.

"அட போங்க சார், எங்க ஆபீஸ்ல அந்த ஆளோட குப்பை கொட்ட முடியாமத்தானே உங்க பக்கம் தள்ளிவிட்டோம்!"