முப்பது சென்டிமீட்டர்

மேட்ச் முடிந்த மறுநாள் காலை, கால்பந்து அணிப் பெண்கள் எல்லாரும் குதிக்கும் உயரத்தை அளக்கும் பாயில் குதித்துக் காட்டியாக வேண்டும். சீசனின் முதல் நாள் குதித்த உயரத்தைவிடக் குறைந்தால் தசை இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். வீராங்கனைகளின் உடலைக் கவனிக்கும் பிசியோ ஈவு இரக்கம் பார்க்காமல் அடுத்த மேட்சில் உட்கார வைத்துவிடுவாள். மைதானத்தில் அவளுக்கு எல்லாரும் வெறும் நம்பர்தான்.

ஏழாம் நம்பர் மட்டும் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. முதல் நாள் முப்பது சென்டிமீட்டர். இன்றைக்கும் முப்பது.

"தொடை வலிக்குதா?"

"இல்லை மேடம்."

"இவளுக்கு இரும்புக் கால்!" என்று கோச் சிரித்தார். "ஞாயித்துக்கிழமையும் முழுசா ஆடட்டும்."

பிசியோ கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுபதாவது நிமிடத்தில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, ஏழாம் நம்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "தசை எலும்பை விட்டே பிய்ஞ்சு வந்திருக்கு. மாசக்கணக்கா வலியை மறைச்சு ஆடியிருக்கா. இனிமே ஆட்டத்தை மறந்துட வேண்டியதுதான்."

பிசியோ கட்டிலருகே உட்கார்ந்தாள். "அளவு குறையவே இல்லையே, எப்படி?"

"முதல் நாள் பாதி பலத்துலதான் குதிச்சேன். அப்புறம் எவ்வளவு களைச்சாலும் முப்பது வந்துடும்."

"இந்தத் தில்லுமுல்லை உனக்கு எவ சொல்லிக்குடுத்தா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீதாம்மா. போன வருஷம் சாப்பிடறப்ப அப்பாகிட்ட சொல்லிச் சிரிச்சியே, 'முதல் நாளே கம்மியா குதிச்சா என்னால கண்டுபிடிக்கவே முடியாது'ன்னு."