ஏறுமுகம்

"உங்க அப்பாகிட்ட பேசி ஒரு மாசமாச்சு. ஒரு போன் போடுங்களேன்," என்றாள் மனைவி.

"குடலே பேசுது, வாய் எதுக்கு?"

குடல் கிருமிகளைக் கணக்கிட்டு உடல்நிலையைச் சொல்லும் கணினி மாடல் அவன் எழுதியது. தனியாக வசிக்கும் அப்பாவையும் ஆய்வில் சேர்த்திருந்தான். வாராவாரம் மலத்தைக் குப்பியில் அடைத்து லேபுக்கு அனுப்புவார்.

திரையில் அப்பாவின் உடல்நிலை வரைகோட்டைக் காட்டினான்.

"பாரு, வாரத்துக்கு வாரம் ஏறுமுகம். மனுஷன் கல்லு மாதிரி இருக்கார்!"

பெருமை தாங்காமல், லேபில் குப்பிகளைப் பதிவு செய்யும் பெண்ணைப் போனில் அழைத்தான்.

"எங்க அப்பா ரிசல்ட் பார்த்தீங்களா?"

"அவர் குப்பி வந்தே மூணு வாரம் ஆச்சே, சார்."

"அப்போ இந்தப் புள்ளியெல்லாம்?"

"உங்க மாடல் போட்டது. சாம்பிள் வரலைன்னா பழைய கணக்கை வச்சு அதுவே நிரப்பிக்கும், யாருக்கும் போன் பண்ணி நேரத்தை வீணாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என்னங்க," என்றாள் மனைவி, தன் போனைக் காதில் வைத்தபடி. "மாமா வீட்டு லேண்ட்லைன் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாரும் எடுக்கல."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

திரையில் இந்த வாரப் புள்ளி தானாக வந்து விழுந்தது. அப்பா இன்னும் கொஞ்சம் தேறியிருந்தார்.