இன்னும் ரெண்டு மாசம்

“டாக்டர், எங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இடுப்பு வலிக்கணும்.”

எலும்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வலி போகவேண்டும் என்றுதான் ஊரே அவரிடம் வருகிறது. இவளுக்கு வலி வேண்டுமாம்.

“மெதுவாப் பேசும்மா. அப்பா வெளியதானே இருக்காரு?”

“ஆமா டாக்டர். இடுப்புவலி பெல்ட்டைச் சட்டைக்கு மேல, அதுவும் தலைகீழாக் கட்டிக்கிட்டு, அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு வந்திருக்காரு. நீங்க எழுதிக் குடுத்த ஆறு மாச ஓய்வு இன்னையோட முடியுது. ‘சரியாயிடுச்சு’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நாளைக்குக் காலையில கடைக்கு வந்துடுவாரு. அதோட கடை போச்சு.”

“பெத்த அப்பா வந்தா கடை போயிடுமா? நல்ல பொண்ணும்மா நீ!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வராந்தாவிலிருந்து, “அம்மாடி...” என்று அப்பாவின் முனகல் வேறு கேட்டது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

அவர்களுடையது பெயின்ட் கடை. ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் போதும், அதே நிறத்தைக் கையாலேயே கலந்து கொடுத்துவிடுவார் அப்பா. அதில் அவருக்கு அசாத்தியப் பெருமை. சிக்கலெல்லாம் இரண்டாவது டப்பாவில்தான். முதல் டப்பா அடித்த சுவர் ஒரு நீலம், இரண்டாவது டப்பா அடித்த சுவர் வேறு நீலம். வந்து கேட்டால், “உங்க வீட்டு வெளிச்சம் சரியில்ல” என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“கலர் கலக்குற மெஷின் நாலு வருஷமாப் போர்வை போத்திக்கிட்டுக் கிடந்துச்சு டாக்டர். ‘மெஷினுக்குக் கண்ணு இருக்கா?’ன்னு கேப்பாரு. ஒரு தடவை நான் போர்வையை எடுத்துட்டேன். ‘நான் கண்ண மூடின பிறகு எடுத்துக்கோ’ன்னுட்டாரு. அப்புறம் அந்தப் பேச்சையே நான் எடுக்கல.”

“பெயிண்டருங்க?”

“ஒவ்வொருத்தரா எங்க கடையில வாங்குறதை நிறுத்திட்டாங்க. கெட்ட பேரு அவங்களுக்குத்தானே? ஈ ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். கடையை வித்துடலாம்னு ஆள் கூடப் பார்த்தாச்சு.”

“அப்பதான் அப்பாவுக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு,” என்று எடுத்துக் கொடுத்தார் டாக்டர்.

“பாவி நான், உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன் டாக்டர்! அவரு படுத்த மறுநாளே போர்வையை எடுத்தேன். எந்த வீட்டுக்கு எந்தக் கலர், என்ன அளவுன்னு சீட்டு எழுதி டப்பா மேல ஒட்டினேன். எப்ப வந்து கேட்டாலும் அதே கலர். கோவிச்சுக்கிட்டுப் போன பெயிண்டருங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன். மூணு மாசமா லாபம் டாக்டர். இப்பதான் ராத்திரி தூக்கம் வருது.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“மூச்சு விடல. அவரும் கேக்கல. நான் வீட்டுக்குப் போனதும் என் கையை மட்டும் பார்ப்பாரு. விரல்ல பெயின்ட் ஒட்டியிருந்தா அன்னைக்கு ரெண்டு வாய் அதிகமாச் சாப்பிடுவாரு.”

டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அவரு எதிர்ல என்னால அந்த மெஷினைத் தொட முடியாது. அவரும் கையைக் கட்டிக்கிட்டு இருக்க மாட்டாரு. திரும்பவும் பழைய குருடி கதவைத் திறடிதான். ரெண்டே மாசம் குடுங்க டாக்டர், அதுக்குள்ள பக்குவமா எடுத்துச் சொல்லிடறேன்.”

டாக்டர் இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு சீட்டை அவள் பக்கம் தள்ளினார். ‘மேலும் இரண்டு மாதம் முழு ஓய்வு. கடைப் பக்கமே போகக்கூடாது’ என்று அதில் இருந்தது.

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அவளிடமிருந்து வெளியே வந்தது. கடை பிழைத்தது. அடுத்த நொடியே அப்பாவின் நினைப்பு வந்து, வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ... நிஜமாவே இன்னும் வலி குறையலயா டாக்டர்?”

“இந்தச் சீட்டை, காலையில உங்கப்பாதான் போன் பண்ணிக் கேட்டாரு. ‘கடைக்குப் போனா என் கை சும்மா இருக்காது, இன்னும் ரெண்டு மாசம் நீட்டி எழுதுங்க’ன்னாரு.” டாக்டர் சிரித்தார். “ஆறு மாசத்துக்கு முன்னாடியும் இதே நாற்காலியில உட்கார்ந்துதான் கேட்டாரு. ‘என் கண்ணு முன்ன மாதிரி இல்ல டாக்டர். மெஷின்தான் சரின்னு பொண்ணுகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. இடுப்பு வலின்னா சொல்லிடுவேன்’னாரு. அந்த இடுப்புல ஒரு நாளும் வலி இருந்ததில்லம்மா.”

வெளியே அப்பா, உள்ளே கேட்கும்படியாக, இன்னொரு முறை பலமாக முனகினார்.