நான்காவது பானம்

ஆரஞ்சு முந்துகிறது என்றாள் மனைவி.

குளிர்காலத்துப் பானத்தில் ஆரஞ்சு முந்தாமல் வேறு எது முந்தும்?

ஜாம் பாட்டிலைக் கழுவி மறுபடியும் ஐஸ் போட்டேன்.

நாளைக்கு வகுப்பு. நான் வேலை பார்க்கும் ஹோட்டலில், வீட்டிலேயே சுலபமாகக் கலந்துகொள்ளும்படி நான்கு காக்டெய்ல்களை விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பளபளக்கும் சாமான்கள் கிடையாது, வாயில் நுழையாத பெயர்கள் கிடையாது. மூடி போட்ட ஒரு பாட்டில், ஒரு கரண்டி, கொஞ்சம் ஐஸ். வகுப்பு நன்றாக நடந்தால் என்னை பார் கவுண்ட்டரிலிருந்து எடுத்துப் பயிற்சிப் பிரிவில் போடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கவுண்ட்டரை விட்டு நான் வெளியே வந்தே ஆக வேண்டும்.

ஏனென்றால் நான் குடியை விட்டவன். பாரில் நின்று ஊற்றிக்கொடுப்பவனும் நான்தான். இதைக் கேட்டு டாக்டரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்த பிறகு, ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் பழைய கதைதான் என்று சொல்லி அனுப்பினார்.

ஹோட்டலில் ருசி பார்க்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வகுப்பு வேலையை வீட்டில் வைத்துக்கொள் என்று மேனேஜர் ஒரு பெட்டி நிறைய பாட்டில்களைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

அவள் கணக்கு டீச்சர். நான் குடித்த காலத்தில், துணி மூட்டைக்குள் ஒளித்த பாட்டிலையும் மோப்பம் பிடித்து எடுத்து, என் கண்ணெதிரிலேயே சாக்கடையில் கொட்டியவள். அவளைக் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வாய் பார்த்துச் சொன்னால் போதும் என்று சம்மதிக்க வைத்தேன். முதல் நாள் ரம் நாக்கில் பட்டதும் முகம் அஷ்டகோணலாகப் போனது. இந்த இருமல் மருந்துக்கா குடும்பத்தை அந்தப் பாடு படுத்தினீர்கள் என்று கேட்டாள்.

முதல் மூன்றும் தகராறு இல்லாமல் தேறிவிட்டன. விஸ்கியில் கொஞ்சம் சர்க்கரையும், மருந்துப் புட்டி மாதிரி ஒரு குட்டி பாட்டிலில் வரும் கசப்புச் சாறும் போட்டால் ஒன்று. எலுமிச்சை, புதினா, ரம் சேர்த்தால் வெயில் காலத்துக்கு ஒன்று. ஜின்னும் டானிக் சோடாவும் கலக்க வகுப்பே தேவையில்லை, ஆனாலும் கேட்பார்கள்.

நான்காவதுதான் உயிரை வாங்குகிறது.

பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, ஆரஞ்சுச் சாறு, ரம், ஒரு சொட்டு கசப்பு. இவ்வளவுதான். ஒரு நாள் பாகு தூக்கல் என்றாள். மறுநாள் கிராம்பு தொண்டையிலேயே நிற்கிறது என்றாள். இன்னொரு நாள் ஐஸ் கரைந்து நீர்த்துவிட்டதாம்.

போன மாதம் வரை ரம்முக்கும் ஜின்னுக்கும் வித்தியாசம் தெரியாதவள். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் வர வேண்டிய கசப்பு வரவில்லை என்கிறாள். எனக்கே பாடம் எடுக்கிறாள். அரை மார்க்குக்காகப் பிள்ளைகளை அழவைக்கிற அதே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை முழுக்க ஆரஞ்சுத் தோல், கால் வைத்த இடமெல்லாம் பிசுபிசுப்பு, போதாக்குறைக்கு எறும்பு.

கசப்பை ஒரு சொட்டு கூட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

“கிட்ட வந்துட்டீங்க. இன்னும் ஒண்ணு போடுங்க.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. இவளை இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எதையும் மாற்றவில்லை. அதே ரம், அதே பாகு, அதே சொட்டுக் கணக்கு. பெரிதாக மெனக்கெடுவதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பாட்டிலை மட்டும் கொஞ்சம் ஓங்கிக் குலுக்கினேன். வசமாக மாட்டப்போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

குடித்தாள். நன்றாக மாறியிருக்கிறது என்றாள். இன்னும் ஒரே ஒரு தடவை போட்டால் சரியாக வந்துவிடுமாம்.

நீயும் வேண்டாம், உன் மார்க்கும் வேண்டாம், நாளைக்கு இதுதான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறையும் ஒன்றையேதான் கொடுத்தேன் என்பதையும் போட்டு உடைத்தேன். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அட்டைப்பெட்டியை இழுத்து வைத்து பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தேன். நாளையோடு இந்தச் சனியன் எல்லாம் வீட்டை விட்டுத் தொலையும், இனி எதையும் வாயில் வைத்துப் பார் என்று உன் உயிரை எடுக்கமாட்டேன், உனக்கும் நிம்மதி என்றேன்.

அவள் மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, பாதிக்கு மேல் இருந்த ரம் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தாள்.

“எல்லாத்தையும் ஏன் கொண்டுபோறீங்க? இது ஒண்ணு இருக்கட்டும். யாராவது வந்தா ஆகும்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுக்குக் குடிக்கிறவர்கள் யாரும் வருவதில்லை. நான் குடித்த காலத்திலும் ஒருவரும் வந்ததில்லை.

யாராவது வந்தால் ஆகும் என்று இதே சமையலறையில், அவள் முகத்தைப் பார்க்காமல், வருஷக்கணக்கில் சொல்லிவந்தவன் நான்.