ஊமை என்ஜினும் வெடி என்ஜினும்

"ஊமை என்ஜினாப் பாத்து மாட்டுங்க. இல்லேன்னா லயத்துப் பக்கமே வராதீங்க."

பொன்னாயி இப்படிச் சொல்லித்தான் புருஷனைக் கராஜுக்கு அனுப்பியிருந்தாள்.

ராஜரத்தினம் தேவாலாவில் கராஜ் வைத்திருந்தான். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம். பொன்னாயிக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை. குடியிருப்பு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில். கைக்குழந்தை ஒன்று. அதன் தூக்கத்துக்கு ஒரே ஒரு எதிரி, பக்கத்துத் தோட்டத்து முதலாளி ஆறுக்குட்டியின் சிவப்புக் கார்.

ஜப்பான் கார். தரையோடு தரையாகத் தாழ்த்தி, சைலன்சரைக் கழற்றி வீசியிருந்தார். விடிகாலையில் லயத்தைத் தாண்டி ஓட்டிப் போவார். வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பட், பட், படார்! குழந்தை வீறிடும். லயமே எழுந்து வையும். பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் புறப்படும் பெண்கள் முன்னால் படம் காட்டுகிறாராம். (பட்டாளத்தில் பரேடு என்பார்கள். தோட்டத்துக்காரர்கள் அதைத்தான் பெரட்டு ஆக்கி, கடல் தாண்டியும் கொண்டுவந்துவிட்டார்கள்.)

அந்தக் காரின் என்ஜின் போன வாரம் உயிரை விட்டது. லயத்தில் பாயசம் வைக்காததுதான் குறை.

இன்று ஆறுக்குட்டி, கொச்சியிலிருந்து வாங்கிய இரண்டு பழைய என்ஜின்களை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஏனுங்க ராஜரத்தினம், இதுல எது தேறும்னு பாருங்க."

"பாக்குறேன் தொரை."

"நான் தொரையெல்லாம் இல்லீங்க. பொள்ளாச்சிக்காரன்."

ராஜரத்தினம் முதலில், செத்துப்போன என்ஜினைப் பிரித்தான். இத்தனை நாள் அவன் கை வைத்த என்ஜின்களில் எல்லாம் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே இல்லை. மொத்தமே ஓர் உரல் அளவு. உள்ளே முக்கோணமாக ஓர் இரும்பு. அது சும்மா சுற்றுவதில்லை. சுற்றிக்கொண்டே இடமும் மாறும். ஆனாலும் அதன் மூன்று மூலைகளும் சுவரை விட்டு விலகாது.

ராஜரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"என்னங்க, என்ஜினைக் கும்பிடறீங்க?"

"செஞ்சவன் மனுசனா தொரை?"

பிறகு புது வரவுகளைக் கையால் சுற்றினான். முதலாவது புஸ், புஸ், புஸ் என்று ஒரே அளவாக மூச்சு விட்டது. இரண்டாவதும் அப்படியே. ஆனால் அதன் காற்று வாயை யாரோ அரத்தால் ராவி அகலமாக்கியிருந்தார்கள்.

"மொதலாவது நல்ல புள்ள தொரை. கம்பெனியில வச்ச மாதிரியே இருக்கு. சத்தம் போடாது, பெட்ரோல் கேக்காது. சைலன்சர் ஒண்ணு வச்சுட்டா ரோட்டுல போறதே தெரியாது."

"ரெண்டாவது?"

"அது குடிகாரன். மெதுவா ஓட்டினா நடுங்கும். ஓடுற ஓட்டத்துல காலை எடுத்தா பீரங்கி."

"ரெண்டாவதையே மாட்டுங்க."

ராஜரத்தினம் தலையைச் சொறிந்தான். "விளங்காமத்தான் கேக்குறேன். நல்லதை விட்டுட்டு எதுக்கு தொரை? வீட்டுல கைப்புள்ள இருக்கு. நாலு மாசம். இந்த வெடியில திடுக்கு திடுக்குன்னு எந்திரிக்குது."

ஆறுக்குட்டி என்ஜினை விட்டு நிமிர்ந்தார்.

"உங்க சம்சாரம் வேலைக்குப் போறாங்களா?"

"இந்தத் திங்கக்கெழமைதான் மறுபடி தொடங்கினா. விடியுமுன்னே புள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போயி, புள்ளக் காம்பராவுல விட்டுட்டு…"

"அப்படின்னா ரெண்டாவதேதானுங்க. நாளைக்கே வேணும்."

கல் நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் வைதபடி ராஜரத்தினம் மாட்டினான். ஆனால் என்ஜின் உயிர் பெற்றதும் தகரக் கூரை அதிர, அவன் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது. எதிரியின் பாட்டை ரசித்துவிட்ட வெட்கம் வேறு. பொன்னாயி முகத்தில் விழிக்கப் பயந்து கராஜிலேயே படுத்துக்கொண்டான்.

விடிகாலையில் ஆறுக்குட்டி வந்தார். "ஏறுங்க, ஓட்டிப் பாக்கலாம்."

மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. லயத்தைத் தாண்டி, தோட்டத்துப் பாதை சதுப்பில் இறங்கும் வளைவில் கார் நின்றது. விளக்கு வெளிச்சத்தில், வழியை மறித்துச் சாம்பல் நிறப் பாறைகள்.

"இங்க ஏது தொரை பாறை?"

ஆறுக்குட்டி என்ஜினை அலற விட்டுக் காலை எடுத்தார்.

பட், பட், படார்!

பாறைகளுக்குக் காது முளைத்தது.

ஒன்று திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. பனியே உருண்டு திரண்டு நடப்பதுபோல, ஒவ்வொன்றாகச் சதுப்புக்குள் இறங்கின. அத்தனை பெரிய உடம்புகள் போன வழியில் ஒரு குச்சி முறியும் சத்தம்கூட இல்லை.

கடைசி வால் மறையும்வரை பார்த்துவிட்டு ராஜரத்தினம் கேட்டான்.

"தினமுமா தொரை?"

"இது அதுங்க தடமுங்க. வண்டி கெடந்த ஒரு வாரமும் பட்டாசுதான் போட்டுப் பாத்தேன். இந்த மழைக்குப் பாதி நமுத்துப் போகுது."

"லயத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா? கண்டிப் பெரஹரா ஊர்வலத்துல நாங்க பாக்காத யானையான்னு சிரிச்சாங்க. பட்டுப் போத்தி, வெளக்கு வச்சு, மேளத்துக்கு நடந்து வர்ற யானைதான் அவங்களுக்குத் தெரியும்." ஆறுக்குட்டி கொஞ்சம் தயங்கினார். "மொதல்ல சிரிச்சது உங்க சம்சாரந்தானுங்க."

பின்னாலிருந்து பேச்சுக் குரல்கள் நெருங்கின. கூடைகளோடு பெண்கள். முன்னால் பொன்னாயி, தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டியாடி? பாடையில போறவன் மறுபடியும் வெடியை மாட்டிக்கிட்டு வந்துட்டான்! எம்புள்ளைய எழுப்பி விட்டுட்டானே!"

ராஜரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை. சதுப்பின் மேல் அசையும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ரெண்டு போடுங்க தொரை" என்றான்.