துரை நாற்காலி

லாரி அலுவலக வாசலில் வந்து நின்றதும் டவாலி ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

துரை நாற்காலியை அருங்காட்சியகத்துக்கு ஏற்றிப்போகத்தான் அது வந்திருந்தது. புது அதிகாரியம்மா ஒருதரம் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கடைசி வெள்ளைக்கார துரை கப்பலேறிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை. பின்னால் வந்த அத்தனை அதிகாரிகளும் பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலியைப் போட்டு, ஒடுங்கி உட்கார்ந்துதான் அதிகாரம் செய்தார்கள்.

அப்படி ஏதாவது சட்டம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. புது அம்மா மூன்று நாள் பழைய கோப்புகளைக் கிளறச் சொல்லிப் பார்த்தார். உட்காரக் கூடாது என்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. போடாத உத்தரவுக்கு இத்தனை வருடம் கீழ்ப்படிந்திருக்கிறோமே என்று கணக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

இருபத்தாறு வருடமாக அதைத் துடைப்பது டவாலிதான். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் துடைப்பார். துரைக்கு மிச்சமிருக்கும் ஒரே விசுவாசி என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இருந்துவிடுவார். நேற்று லாரி வரப்போகிறது என்று கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரியம்மா உள்ளே வந்தார். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

பிறகு தொப்பென்று அதில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டச்சு செய்கிற அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கூரை இடிந்து விழவில்லை. அதிகாரியம்மாவின் கால்கள் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவர் ஊஞ்சல் கிடைத்த குழந்தை மாதிரி காலை ஆட்டினார். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். கணக்கர் விசிலே அடித்துவிட்டார்.

அந்தக் குஷியில் அதிகாரியம்மா சுகமாகப் பின்னால் சாயப் போனார்.

"ஐயோ, அப்படிச் சாயாதீங்கம்மா! முன்னாடி நகந்து வலது காலை ஊனிக்கிட்டு, அப்புறமா மெள்ளச் சாயுங்க. இல்லன்னா மல்லாக்கக் கவுத்து விட்டுடும்!"

கத்தியது டவாலி. சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கைதட்டல் நின்றுபோனது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கர் மேலும் கீழும் பார்த்தார்.

அதிகாரியம்மா முன்னால் நகர்ந்து, வலது காலை ஊன்றி, மெள்ளச் சாய்ந்தார். நாற்காலி கவிழ்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு பரவியது.

"லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க," என்றார், கண்ணைத் திறக்காமலே. "அப்புறம் டவாலி, ஒண்ணரைக்கு நான் சாப்பிட வீட்டுக்குப் போனா ரெண்டரைக்குத்தான் வருவேன்."