ஜகரண்டா ஞாயிறு

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நெவில் மட்டும் கார் டிக்கியைத் திறந்து பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டான்.

"மழையா வரப்போகுது?" என்றாள் அவன் மனைவி கோலீன்.

"மேக்பை தலையில கொத்தும். குஞ்சு பொரிச்சிருக்கிற மாசம்ல."

அவள் விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, ஜகரண்டாப் பூத் திருவிழா. ஊரே ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்கு வந்திருந்தது. வருஷா வருஷம் வருவதுதான். இந்த வருஷம் வராமலிருக்க நெவில் தோள்வலி என்று சொல்லிப் பார்த்தான், டிவியில் கிரிக்கெட் என்று சொல்லிப் பார்த்தான். அவள் விடவில்லை.

அவனுக்கு இந்தப் பூங்கா அலுத்துப்போயிருந்தது. ஆகஸ்டிலிருந்து வேலை நாள் தவறாமல் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

பக்கத்து ஊர் இறைச்சி ஆலையில் இருபது வருஷமாகத் தூக்கிய தோள் இனித் தூக்காது என்று தெரிந்ததும், கையைக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கோலீனிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் விடியற்காலை அவள் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு கிளம்பினான். அதற்கப்புறம் சொல்வதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

பெரிய ஜகரண்டா மரத்தடியில், குளத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. அதில் போய் உட்கார்வான். அசேலியா பூத்து வாடியது. ரோஜா வந்தது. ஒரு இலைகூட இல்லாமல் நின்ற ஜகரண்டா, மரம் முழுக்க ஊதாவாக மாறியது. எல்லாவற்றையும் பார்த்தான், அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. தோளில் விழுந்த பூவைத் தட்டிவிடக்கூடத் தோன்றாது. பின்னால் யாராவது நடந்தால் திரும்பிப் பார்க்கவும் மாட்டான்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பியபோது வாசல் மிதியடியில் ஊதாப் பூ ஒன்று கிடந்தது. அவர்கள் தெருவில் ஜகரண்டா கிடையாது. காலையில் தன் பூட்ஸில் ஒட்டியிருந்து உதிர்ந்ததாக்கும் என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து காரில் ஏறும் முன்பே காலரை உதறி, பூட்ஸைத் தட்டிவிட்டுத்தான் கிளம்பினான். அப்படியும் அடுத்த வாரம் சமையலறைத் தொட்டியருகே இன்னொன்று கிடந்தது.

பூவையாவது மறைத்துவிடலாம். பறவையை என்ன செய்வது?

அந்த மரத்தில்தான் மேக்பை கூடு கட்டியிருந்தது. முதல் வாரம் நெவிலின் காதைக் கிழித்து ரத்தம் பார்த்தது. பிறகு விட்டுவிட்டது. தோட்டக்காரன் வாரன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அதுக்கு மனுஷ முகம் மறக்காது. தினம் வர்ற ஆளை ஒண்ணும் பண்ணாது, புது ஆளைச் சும்மா விடாது. உனக்கு வேலைவெட்டி இல்லேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுய்யா."

வாரனுக்கு ஞாயிறு விடுமுறை. பறவைக்கு விடுமுறை ஏது? தன்னை விட்டுவிட்டுக் கோலீனை மட்டும் அது கொத்தினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ரோஜாப் பக்கம் போகலாமே என்றான். அவள் காதில் வாங்காமல் பெரிய மரத்தை நோக்கியே நடந்தாள்.

அவர்களுக்கு முன்னால் ஊதா நிறப் பொய்முடி வைத்த ஒரு தடியன், ரொட்டியில் சுற்றிய சாசேஜைக் கடித்தபடி போய்க்கொண்டிருந்தான். மரத்தடியை அவன் தொட்டதும் மேலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று பாய்ந்தது. பொய்முடி ஒரு பக்கம், சாசேஜ் ஒரு பக்கம். தலையைப் பொத்திக்கொண்டு ஓடியவனைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நெவில் அவசரமாகக் குடையை விரித்து, கோலீனை உள்ளே இழுத்தான்.

"பூப் பார்க்க வந்துட்டு யாராவது குடைக்குள்ள நடப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

நரைத்த தலையை மூடாமல், உதிர்ந்த பூக்களின்மேல் அவள் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். கிளையில் உட்கார்ந்திருந்த பறவை கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. நெவில் கண்ணை மூடிக்கொண்டான்.

சிறகுச் சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தான். பறவை இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கோலீன் பெஞ்சுக்குப் பின்னால், அசேலியாப் புதர் ஓரமாகப் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விரித்த குடையோடு அவள் எதிரில் போய் நின்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு அடித்துக்கொள்வது தெரிந்தது. கேட்டால் தானே மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் கேட்டுவிட்டான்.

"உன்னை ஏன் அது விட்டுடுச்சு?"

அவள் குடையை அவன் கையிலிருந்து வாங்கி மடக்கினாள்.

"தினமும் இங்க உக்காந்து உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன், நெவ்."